ரங்கூன் வீழ்ந்ததும் வன்னி விளைந்ததும்: இரண்டாம் உலகப் போரின் ஒரு திருப்புமுனை

 கிளிநொச்சியில், அமரரான ஓர் ஆசிரியரின் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் உரை இது. அவருடைய பணியை முன்னுரையாளர் விரிவாகக் கூறிவிட்டார். அவருக்குப் பிடித்த பாடம் வரலாறு என்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

இந்த மண்டபத்தில் இருப்போரில் பலர் எனக்கும் என் சக ஆய்வாளர்களுக்கும் இடையில் நடந்துவரும் வாதத்தைக் கேட்டிருப்பீர்கள். யப்பானியர் கொழும்பைத் தாக்கிய 1942 ஏப்ரல் 5ஆம் திகதியே இலங்கையைப் பொறுத்தவரை போரின் திருப்புமுனை என்பது அவர்களின் நிலைப்பாடு. குண்டுகள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விழுந்தன, வன்னி போருக்கு வெளியே நின்றது என்று அதற்கு ஒரு வாலும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. திருப்புமுனை அதற்கு நான்கு வாரம் முன்பே, மார்ச் 8ஆம் திகதி, பர்மாவின் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தபோது வந்துவிட்டது. அது நேராக வந்து தொட்ட நிலங்களில் ஒன்று இந்த இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்.

முதலில் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பாடநூல்கள் 1939 செப்டெம்பரில் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்ததிலிருந்து தொடங்குகின்றன. ஆசியாவின் போர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1937 யூலையில், சீனாவில் மூண்டது. துறைமுகங்களை இழந்த சீன அரசுக்கு 1938இல் திறந்த பர்மா வீதி வழியாகவும் ஆயுதங்கள் போயின. 1941 கோடையில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும் யப்பான் தென்கிழக்காசியாவின் எண்ணெயையும் இறப்பரையும் பிடித்தெடுக்கத் துணிந்தது. பர்மா வீதியை வெட்ட வேண்டும் என்ற தேவையும் சேர்ந்துகொள்ள, பர்மாவின் விதி முடிவாயிற்று. இதுவரை எங்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை அரிசியில் தொடங்குகிறது. இங்கே சற்று நின்று பேச அனுமதியுங்கள். என் வாதம் முழுவதும் இந்த ஓர் உதாரணத்தில் நிற்கிறது.

போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்று பர்மாதான். ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் தொன். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் விளைந்த நெல் படகுகளில் ரங்கூன் ஆலைகளுக்கு வந்து, புழுங்கலாக்கப்பட்டு, மூடைகளில் கட்டப்பட்டு இங்கே வந்து இறங்கியது. தோட்டத் தொழிலாளியின் சோறும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் வீட்டுச் சோறும் அந்த மூடையை நம்பியிருந்தன.

அந்த வயல்களுக்குப் பின்னால் தமிழ்ப் பணமும் இருந்தது. கழிமுகத்து உழவருக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமற் போனபோது ஈட்டு நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 சதவீதமாக இருந்த அவர்களின் உடைமை 1938இல் 25 சதவீதமாயிற்று. அதே விலைச் சரிவுதான் வன்னியையும் முடக்கியது. மலிவான பர்மா அரிசி கப்பலில் வந்து குவியும்போது, காடு வெட்டி, காய்ச்சலில் கிடந்து, விலங்குக்குக் காவல் காத்து விளைவித்த கிளிநொச்சி நெல்லுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்?

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். பர்மாவில் முதன்மை அறுவடை நவம்பரில் தொடங்கி சனவரி வரை நடக்கும். ஆலைகள் அரைப்பதும் கப்பல்கள் ஏற்றுவதும் உச்சத்துக்கு வருவது சனவரி முதல் மே வரை. ரங்கூனில் முதற் குண்டு விழுந்தது 1941 டிசெம்பர் 23இல்; மீண்டும் 25இல். துறைமுகத்தில் மூடை தூக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்கரும் பிற இந்தியருமான கூலித் தொழிலாளர். குண்டுக்கு அஞ்சி அவர்கள் நகரை விட்டு ஓடினார்கள். நெல் விளைந்திருந்தது, ஆலை நின்றிருந்தது, தூக்குவதற்குத் தோள் இல்லை. மார்ச் 8இல் யப்பானியர் நகருக்குள் நுழைந்தபோது, அரிசித் துறைமுகம் என்ற வகையில் ரங்கூன் ஏற்கெனவே முடங்கிக் கிடந்தது. பின்வாங்கிய பிரித்தானியர் ஐராவதியின் படகுக் கூட்டத்தைத் தாமே மூழ்கடித்தார்கள். இலட்சக்கணக்கான இந்தியர் மலைப்பாதைகளில் நடந்து இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அரிசியை விளைவித்த கடனும் அதைத் தூக்கிய தோளும் ஏற்றிவந்த படகும் ஒரே பருவத்தில் அறுந்துபோயின. அந்த ஏற்றுமதி போருக்கு முந்திய அளவைப் பல பத்தாண்டுகளுக்கு மீண்டும் எட்டவில்லை.

ரங்கூன் வீழ்ந்த அதே வாரங்களில் வன்னியில் காலபோக அறுவடை. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து மலாயாவிலிருந்து வரும் காசுக்கட்டளையும் நின்றுபோயிருந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கையில் காசும் இல்லை, கடையில் அரிசியும் இல்லை. 1942இலேயே பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கூப்பன் அரிசியைப் பிரித்துக் கொடுக்கக் கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அரசாங்கம் நெல்லைத் தானே கட்டாயமாகக் கொள்வனவு செய்யத் தொடங்கியது. நேற்றுவரை கேட்பாரற்றுக் கிடந்த வன்னி நெல் ஒரே ஆண்டில் அரச தேவையாயிற்று. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா பிடித்தது. நம் அடுப்படியில் அதன் இடம் இன்றும் மாறவில்லை.

இதை ஏப்ரல் 5உடன் ஒப்பிடுங்கள். இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ என்ற மூன்று, யூன் மாதம் மிட்வே சண்டையில் கடலடிக்குப் போயின. கொழும்பின் மீதான அந்த ஆபத்து இரண்டு மாதத்தில் வலுவிழந்தது. அந்த ஏப்ரலில் மூழ்கடிக்கப்பட்ட ‘கோர்ன்வோல்’, ‘டோர்செட்ஷயர்’, ‘ஹேர்மீஸ்’ ஆகிய பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மாண்டவர்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. கேள்வி வேறு: இந்தத் தீவின் வாழ்வை எது நெடுங்காலத்துக்கு மாற்றியது? ரங்கூன் 1945 மே மாதம்வரை மீட்கப்படவில்லை. பங்கீடோ போருக்குப் பின்னும் தொடர்ந்தது. போர்க்காலத்தில் பிறந்த அந்த மானிய அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியதுதான் 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலாக வெடித்து, டட்லி சேனநாயக்காவைப் பிரதமர் பதவியிலிருந்து இறக்கியது. ஏப்ரல் 5இன் குண்டுக்கு இத்தனை நீண்ட கை இருந்ததா?

நண்பர்களின் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். காணி அபிவிருத்திச் சட்டம் 1935இல் வந்தது, கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல் தொடங்கியது, இரண்டும் போருக்கு முன்பு என்பார்கள். திகதிகள் சரி. ஆனால் சட்டம் வந்த ஆண்டு வேறு, குடி ஊன்றிய ஆண்டு வேறு. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இலேயே தொடங்கியது. குளமும் தண்ணீரும் இருந்தும் பல ஆண்டுகள் மக்கள் வரத் தயங்கினார்கள். நீரும் காணியும் மட்டும் மனிதரை இழுத்திருந்தால் வன்னி முன்பே நிறைந்திருக்க வேண்டும். விளைச்சலுக்கு நிச்சயமான கொள்வனவாளர் ஒருவர் வேண்டியிருந்தது. அவரைத் தந்தது 1942. குளத்தின் அணை 1948க்குப் பின் படிப்படியாக உயர்த்தப்பட்டதையும், கல்லோயாக் குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியதையும், இனி ஒருமுறை பர்மாவை நம்பிக் கெடக்கூடாது என்ற அச்சத்தை விட்டுவிட்டு என்னால் விளக்க முடியவில்லை. அணையை உயர்த்திய பொறியியலாளர்களைப் போற்றும் நாம், அந்த அச்சத்தை வரலாற்றில் எழுத மறந்துவிட்டோம்.

இரண்டாவது மறுப்பு மலேரியா. வன்னியைத் திறந்தது டி.டி.ரி. மருந்து என்கிறார்கள். அதுவும் போர் தந்த மருந்துதான்; ஆகவே அது என் பக்கத்துச் சாட்சி. அந்த மருந்தின் நுளம்பு கொல்லும் ஆற்றல் 1939இல் அறியப்பட்டு, நேச நாட்டுப் படைகளால் போர்க்களத்தில் பெருமளவில் பயன்படுத்தப்பட்டு, போர் முடிந்த கையோடு இலங்கைக்கு வந்தது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த தீவின் இறப்பு விகிதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆயிற்று. அந்த வீழ்ச்சியில் மருந்தின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்பது தனி விவாதம்.

வவுனியாவில் பிரித்தானிய விமானப் படை அமைத்த ஓடுதளத்தைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். வன்னி போருக்கு வெளியே நின்றது என்பவர்களுக்கு அது ஒன்றே விடை. காடு வெட்டிய கூலியாட்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், கூலிக்காசு எந்தச் சந்தையில் செலவாயிற்று என்பதை யாராவது எழுத வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் சொல்கிறார். மாணவர்களுக்குச் சில வேலைகளை மட்டும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கு ரயில் பாதையில் 1940களில் கிளிநொச்சி, பரந்தன், வவுனியா நிலையங்களிலிருந்து ஏறிய நெல்லின் அளவைத் தேடுங்கள். கொழும்பு ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம். இங்குள்ள கச்சேரிப் பதிவுகளில் இடப்பெயர்வுகளுக்குத் தப்பியவற்றை உடனே படியெடுங்கள். முதற் குடியேறிகளின் பிள்ளைகளிடம் காணிப் பெர்மிட்டுகளும் பழைய கூப்பன் புத்தகங்களும் இருக்கக்கூடும். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அதே அரிசிப் பஞ்சத்தில் திருவிதாங்கூர் மக்கள் மலபார் மலைக்காடுகளுக்கு ஏறியதை வன்னியோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடக்கலாம். 1943 வங்கப் பஞ்சத்தோடு ஒப்பிடுவது இன்னும் பெரிய வேலை. பங்கீடு இங்கே வேளைக்கு வந்தது, அங்கே தவறியது ஏன் என்ற கேள்வியிலிருந்து அதைத் தொடங்கலாம். சேனைப் பயிர்களான குரக்கன், சாமை ஆகியவற்றின் போர்க்கால விளைச்சல் பற்றியும் நான் அறிந்தவரை யாரும் எழுதவில்லை. கட்டாயக் கொள்வனவிலிருந்து நெல்லை மறைத்த வழக்குகள் நீதிமன்றப் பதிவுகளில் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.