ஆங்கிலத்தின் சுமைதாங்கி வினை
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

"டிட் யூ வென்ட் டு ஸ்கூல்?"

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழிக்காமல் பணி ஓய்வு பெற்றிருக்க முடியாது. 'வென்ட்' என்பதை அடித்துவிட்டு மேலே 'கோ' என்று எழுதுவார். அடுத்த நோட்டை எடுப்பார். அதிலும் அதே பிழை. அதற்கடுத்த நோட்டில் "டஸ் ஹி கோஸ்?" என்றிருக்கும். விதியைச் சொல்லியாயிற்று, இம்பொசிஷனும் எழுத வைத்தாயிற்று. ஆனாலும் மறுவாரம் பிழை திரும்பி வருகிறது.

பிள்ளை எழுதியதில் நியாயம் இல்லாமல் இல்லை. போனது நேற்று, ஆகவே 'வென்ட்'. கேட்பது கேள்வி, ஆகவே முன்னால் ஒரு 'டிட்'. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் சரியாகத்தான் தோன்றுகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஓர் இறந்தகாலம் போதும், அது எங்கே போய் உட்காரவேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். மொழி பற்றிய நினைவுச் சொற்பொழிவுகள் வழக்கமாகக் காப்பியங்களையும் கவிஞர்களையும் எடுத்துக்கொள்ளும். 'டூ' என்ற இந்தச் சின்ன வினைக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் நாள் முழுக்கப் புழங்குவது அது. அதன் கதையும் நீளமானது.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்க்கலாம். "ஹி கேம்" என்ற வாக்கியத்தில் வருதல் என்ற செயலும் இறந்தகாலமும் 'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதை எதிர்மறையாக்கினால் "ஹி டிட் நாட் கம்". காலம் 'டிட்'டுக்குப் போய்விட்டது; 'கேம்' தன் காலத்தை உதறிவிட்டு வெறும் 'கம்' ஆகிவிட்டது. "ஷி கோஸ்" கேள்வியாகும்போது "டஸ் ஷி கோ?" 'கோஸ்' வாலில் இருந்த ஒலி அப்படியே 'டஸ்' வாலில் ஒட்டிக்கொள்கிறது. முதன்மை வினை தலையிலிருந்து இறக்கும் காலத்தையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும் சுமைதாங்கிக் கல் இந்த 'டூ'. தனக்கென்று அதற்குப் பொருள் ஏதும் இல்லை. "டூ யூ ஸ்லீப்?" என்று கேட்பவர் எதையும் 'செய்வது' பற்றிக் கேட்கவில்லை.

சுமக்க வேறு ஆள் இருந்தால் 'டூ' வராது. "கேன் யூ கம்?", "வில் ஹி கோ?", "இஸ் ஷி ஸ்லீப்பிங்?" என்ற வாக்கியங்களில் துணைவினை ஏற்கெனவே இருக்கிறது, அது முன்னால் நகர்ந்தாலே கேள்வி பிறந்துவிடுகிறது. துணைவினை இல்லாத வாக்கியத்துக்கு மட்டும்தான் 'டூ' வரவழைக்கப்படுகிறது. 'ஹாவ்' என்பது இரண்டுங்கெட்டான். பழைய பிரிட்டிஷ் வழக்கில் "ஹாவ் யூ எ பென்?" என்றே கேட்பார்கள், அமெரிக்காவில் "டூ யூ ஹாவ் எ பென்?". இன்று பிரிட்டனிலும் இரண்டாவதே மிகுதி.

எழுவாயைப் பற்றியே கேட்கும்போது ஆங்கிலம் 'டூ'வைத் தேடுவதில்லை. "ஹூ கேம்?" அவ்வளவுதான். செயப்படுபொருளைக் கேட்டால் "ஹூ டிட் யூ ஸீ?" முதல் கேள்வியில் எழுவாய் இருந்த இடத்திலேயே 'ஹூ' உட்கார்ந்துவிடுவதால் சொல் வரிசை குலையவில்லை, குலையாத இடத்தில் துணைக்கு ஆள் தேவையில்லை. "ஹூ டிட் கம்?" என்று எழுதும் மாணவர் கேள்வி என்றாலே 'டிட்' என்று மனப்பாடம் செய்தவர். பிழை அவருடையதல்ல, அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்த விதியுடையது.

ஆங்கிலம் பிறந்தபோதே இப்படி இருந்ததா என்றால், இல்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1400இல் இறந்தார். அவர் காலத்து ஆங்கிலத்தில் முதன்மை வினையையே எழுவாய்க்கு முன் தூக்கிவைத்துக் கேள்வி கேட்டார்கள். 'நாட்' என்பதை வினைக்குப் பின்னால் ஒட்டி மறுத்தார்கள். "நோ யூ?", "ஐ நோ நாட்" என்ற பாணி. ஜெர்மன் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கிறது. பொருளற்ற துணைவினையாக 'டூ' தலைகாட்டுவது 1300ஐ ஒட்டி, தென்மேற்கு இங்கிலாந்தின் செய்யுள்களில்.

ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஆல்வர் எல்லகோர்ட் இந்த வினையின் பயணத்தை எண்ணிக் கணக்கிட்டு 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். கணினி கைக்கு வராத நாள். பல நூற்றாண்டு உரைநடையைக் கையால் புரட்டி, 'டூ' வந்த இடம், வராத இடம் என்று பிரித்துக் குறித்தார். அவர் வரைந்த வளைகோடுகளை இன்றுவரை மொழி மாற்ற ஆய்வாளர்கள் எடுத்தாள்கிறார்கள். 'டூ' எல்லா வாக்கியங்களிலும் ஒரே அளவில் பரவவில்லை. எதிர்மறைக் கேள்விகள் முந்திக்கொண்டன, மறுப்பு வாக்கியங்கள் பின்தங்கின. 'நோ', 'டவுட்', 'கேர்' போன்ற சில வினைகள் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. "ஐ நோ நாட்" என்பது மற்ற வினைகள் எல்லாம் 'டூ'வின் பக்கம் போன பிறகும் நின்றது. தமிழிலும் பேச்சு 'தெரியாது' என்று மாறிய பின்னும் எழுத்தில் 'அறியேன்' நெடுநாள் தங்கியிருந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வியும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல், சாதாரண வாக்கியத்திலும் "ஐ டூ கோ" என்று அழுத்தமின்றிச் சொல்லும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை ஏறிக்கொண்டே வந்தது, பிறகு சரிந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்திலேயே நடமாடுகின்றன. 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிள் பெரும்பாலும் பழைய பாதையையே பிடித்துக்கொண்டது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியோடு சேர்த்து அச்சிட்ட இலக்கணத்தில், தேவையில்லாமல் வரும் 'டூ'வைக் கெட்ட வழக்கு என்றே கண்டித்துவிட்டார்.

கண்டித்தும் அது முற்றாக ஒழியவில்லை. இங்கிலாந்தின் டார்செட் வட்டாரப் பேச்சில் வழக்கமாகச் செய்வதைச் சொல்ல அந்த 'டூ' நிலைத்தது. வில்லியம் பார்ன்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பேச்சிலேயே கவிதை எழுதினார். நமக்கு இன்னும் பக்கத்திலும் அது இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆங்கிலப் பிரமாணப் பத்திரம் எதையும் புரட்டினால், முதல் பத்தியிலேயே "டூ ஹியர்பை சாலம்லி அஃபர்ம்" என்ற தொடர் நிற்கும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள பதவிப் பிரமாண வாசகங்களிலும் இந்த 'டூ' உண்டு. எலிசபெத் காலத்து வழக்கு ஒன்று நம் வக்கீல் குமாஸ்தாக்களின் தட்டச்சில் இன்றும் நாள் தவறாமல் விழுகிறது.

துணைவினையான இந்த 'டூ' எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 'செய்யவைத்தல்' என்ற பிறவினைப் பொருளில் வழங்கிய 'டூ'தான் பொருள் தேய்ந்து இப்படியாயிற்று என்பது எல்லகோர்டின் முடிவு. வேல்ஸ், கார்ன்வால் பகுதிகளின் கெல்டிக் மொழிகளிலும் 'செய்' வினை துணையாக வருவதால் அங்கிருந்து தொற்றியது என்பார் சிலர். ஆங்கிலத்தில் மட்டுமே நடந்த விந்தை என்று இதைச் சொல்வதும் சரியல்ல. வட இத்தாலியில், லொம்பார்தி மலைப்பகுதியிலுள்ள மொன்னோ என்ற ஊரின் பேச்சும் கேள்வி கேட்கும்போது தன் 'செய்' வினையைத் துணைக்கு அழைக்கிறது.

'டூ' ஏன் வருகிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் ஒன்றை 1957இல் நோம் சாம்ஸ்கி 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சிறுநூலில் தந்தார். கால விகுதி வினையின் மேல் ஒட்டவேண்டும். நடுவில் 'நாட்' புகுந்துவிட்டால், அல்லது கேள்விக்காக விகுதி எழுவாய்க்கு முன்னால் போய்விட்டால், அது ஒட்ட இடமில்லாமல் தனித்து நிற்கிறது. தனித்து நிற்கும் விகுதிக்குத் தாங்கலாக 'டூ' வருகிறது. அழுத்திச் சொல்லும் "ஹி டிட் கம்" என்பதும் இதே கணக்கில்தான் அடங்கும்.

இந்த இடத்தில் தமிழர்கள் நிமிர்ந்து உட்காரவேண்டும். "அவன் வரத்தான் செய்தான்." "சொல்லத்தான் செய்தேன், யார் கேட்டார்கள்?" "ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்." திண்ணையிலும் பேருந்திலும் ஆஸ்பத்திரியிலும் ஓயாமல் கேட்கும் வாக்கியங்கள் இவை. 'வந்தான்' என்பதில் அடிச்சொல்லும் காலமும் இடமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. வந்ததையே அழுத்திச் சொல்ல அடிச்சொல்லுக்குப் பக்கத்தில் 'தான்' வேண்டும். அதை நுழைத்ததும் வினை 'வர' என்ற எச்சமாக நின்றுவிடுகிறது. காலமும் ஆண்பால் விகுதியும் ஒட்ட இடமின்றி அந்தரத்தில் நிற்கின்றன. உடனே தமிழ் எந்த வினையைக் கூப்பிடுகிறது? 'செய்' வினையை. "ஹி டிட் கம்" என்பதற்கு இதைவிடத் துல்லியமான இணை வேண்டுமா?

மறுப்பிலும் உறவு உண்டு. 'வந்தான்' என்பதன் மறுப்பு 'வந்தான் இல்லை' ஆவதில்லை, 'வரவில்லை' ஆகிறது. 'வந்தது'க்கும் 'வரவில்லை', 'வருகிறேன்' என்பதற்கும் 'வரவில்லை'. முதன்மை வினை காலத்தையும் பாலையும் கழற்றிவைத்துவிட்டுச் செயவெனெச்சமாக நிற்கிறது. எதிர்காலத்துக்கு வந்தால் 'வரமாட்டேன்', 'வரமாட்டாள்': 'வர' அசையாமல் நிற்க, 'மாட்டு' என்ற துணைவினை ஆளைச் சுமக்கிறது. ஆனால் இந்த ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு. 'இல்லை' என்ற சொல் காலத்தைச் சுமப்பதில்லை, 'டிட்' சுமக்கிறது. கேள்வியிலோ தமிழ் எதையும் அசைப்பதே இல்லை. 'வந்தான்' என்பதன் கடைசியில் ஓர் 'ஆ' சேர்ந்தால் 'வந்தானா'. வினையில் காலம் அப்படியே நிற்பதால்தான் தமிழ்ப் பிள்ளை 'வென்ட்'டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

அந்த இடைவெளியை அடைக்கவும் நம் பேச்சிலேயே ஒரு பொருள் கிடக்கிறது. தூய தமிழ் ஆர்வலர்கள் முகம் சுளிக்கும் 'பண்ணு' வழக்கு அது. "கால் பண்ணினேன்", "வெயிட் பண்றாங்க", "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்", "அப்ளை பண்ணியாச்சா?" ஆங்கில வினைக்குத் தமிழ் விகுதி நேரே ஒட்டாது. ஆகவே ஆங்கில வினையை மொட்டையாக நிறுத்திவிட்டு, காலம், இடம், பால் எல்லாவற்றையும் 'பண்ணு' தலையில் ஏற்றுகிறோம். "கால்டு பண்ணினேன்" என்று எந்தத் தமிழரும் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லமாட்டார். இறந்தகாலம் 'பண்ணினேன்' என்பதில் வந்துவிட்டது. 'கால்' அதை மறுபடி சுமக்கவேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. மொழித்தூய்மை வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வழக்குக்குள் நல்ல இலக்கணம் ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது.

"வெயிட் பண்ணினாயா?" என்பதன் பக்கத்தில் "டிட் யூ வெயிட்?" என்று எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இரண்டிலும் 'வெயிட்' மொட்டையாகவே நிற்கிறது. இரண்டிலும் 'செய்' என்னும் பொருளில் பிறந்த வினைதான் காலத்தைத் தாங்குகிறது. பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லவேண்டியது அந்தத் தாங்கல் நிற்கும் இடத்தை மட்டுமே: தமிழில் கடைசியில், ஆங்கிலத்தில் முன்னால்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இரண்டு மூன்று வயதில் காலத்தை இரண்டு இடத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதைக் குழந்தை மொழி ஆய்வுகள் நன்கு பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் கேட்டுக் கேட்டுத் தாமாகவே திருத்திக்கொள்கிறார்கள். வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழாத கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்கு ஆசிரியர் மட்டுமே உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் பேசவேண்டியிருக்கிறது. இதே பிழைக்காக ஆண்டுக்கணக்கில் தலைகுனிந்து, ஆங்கிலமே தனக்கு வராது என்று முடிவுகட்டிக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். வராத ஒன்றைத் தாங்கள் தினமும் தமிழில் செய்துகொண்டிருப்பதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது 'டூ, டஸ், டிட்' அட்டவணையை எடுத்த எடுப்பில் கரும்பலகையில் எழுதாதீர்கள். முதலில் பிள்ளைகளைப் 'பண்ணு' சேர்த்துப் பத்து வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அவற்றில் இறந்தகாலம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு 'டிட்'டை எழுதுங்கள்.