குழந்தையோடு வரும் காதலும் அதன் மர்மமும்

காதலும் திகிலும் கலந்த நாவல்களில், குழந்தையைத் தனியாக வளர்ப்பவர் மீண்டும் ஒருவரை நேசிக்கும் கதைகளை விமர்சகர்கள் பொழுதுபோக்கு வரிசையில் ஒதுக்கிவிடுவது வழக்கம். விற்பனைக்காகச் சேர்த்ததே அவற்றின் மர்மம் என்பார்கள். அந்த மர்மம் இத்தகைய காதலின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் வாதம். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அது பிறக்கிறது. அந்த அச்சத்தைப் பல காலம் சட்டமே வளர்த்து வந்திருக்கிறது.

சான்றாக 1848-இல் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் ஆன் பிரான்டி வெளியிட்ட ‘வைல்ட்ஃபெல் மாளிகையின் குடித்தனக்காரி’ நாவலை எடுத்துக்கொள்வோம். கதை 1827-இல் தொடங்குகிறது. பாதி இடிந்த மாளிகைக்குச் சிறு மகனோடு குடிவரும் ஹெலன், விதவை என்று சொல்லிக்கொண்டு ஓவியம் விற்றுப் பிழைக்கிறாள். தான் வரையும் மாளிகைக்கு வேறு ஊர்ப் பெயரை எழுதி அனுப்புகிறாள். மகனைக் கண்பார்வையிலிருந்து விலக விடுவதில்லை. அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் குறை சொல்கிறார்கள். அவளை விரும்பப்போகும் கில்பர்ட், சுவரேறி விழப்போன சிறுவனைத் தாங்கிப் பிடிக்கிறான். நன்றி சொல்வதற்கு முன் அவள் பிள்ளையைப் பறித்துக்கொள்கிறாள். முதல் வாசிப்பில் இவையெல்லாம் புதிராகத் தோன்றும். அவளுடைய நாட்குறிப்பு கில்பர்ட் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்குகிறது: குடிகாரக் கணவனிடமிருந்து மகனோடு தப்பி வந்தவள் அவள். அன்றைய இங்கிலாந்தில் குழந்தை தந்தைக்கே உரியது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்ற சட்டம் 1839-இல்தான் வந்தது. கரோலின் நார்ட்டனின் போராட்டம் அதற்கு முக்கியக் காரணம். ஆக, காதலனிடம் உண்மைப் பெயரைச் சொல்வதுகூட ஹெலனுக்கு மகனைப் பணயம் வைப்பதாகும். திகில் நாவல்களின் பூட்டிய அறையும் நள்ளிரவுக் காலடியும் இங்கே தேவைப்படவில்லை.

கதையின் பிற்பகுதியில் ஹெலனின் கணவன் செத்துப்போவது ஆசிரியருக்கு வசதியான தீர்வல்லவா என்று கேட்கலாம். மணவிலக்குக்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வேண்டியிருந்த காலம் அது. அப்படிப் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேறு வாசல் திறந்திருக்கவில்லை. அந்த மரணத்தையும் ஆன் எளிதாக்கவில்லை. நோயுற்றவனைப் பேணத் திரும்பும் ஹெலன், மகன் தன்னிடமே இருப்பான் என்று சாட்சி முன் எழுதி வாங்கிய பிறகே பிள்ளையை அவன் கண்ணில் காட்டுகிறாள். தாயின் எச்சரிக்கையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன காட்சிகள் அரிது. ஆனால் கடைசியில், அவள் வேறொருவரை மணக்கப்போகிறாள் என்ற வதந்தியை நம்பிக் கில்பர்ட் ஓடுவது வெறும் கதைத் தந்திரம். அங்கே குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதனால்தான் அந்தப் பதற்றம் நம்மைத் தொடுவதில்லை. என் வாதத்துக்கு இந்தக் குறையே வலுச் சேர்க்கிறது.

சட்டங்கள் மாறிவிட்டன, இனி இந்த அச்சம் பழங்கதை என்போருக்கு நம் நாட்டுச் சட்டங்களையே காட்டலாம். விதவைகளுக்கு மறுமண உரிமை தந்த 1856-ஆம் ஆண்டுச் சட்டம், மறுமணம் செய்துகொண்டவளின் பிள்ளைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்கும்படி இறந்த கணவரின் உறவினர் நீதிமன்றம் செல்லவும் வழி வைத்தது. ஒரு கையால் காதலை அனுமதித்து, மறு கையால் பிள்ளையைக் கேட்டது அது. 1956-இன் இந்து இளவர் காப்பாளர் சட்டம் தந்தைக்குப் ‘பிறகு’ தாய் என்றது. தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் காப்பாளராக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் தந்தது 1999-இல், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில். மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே காப்பாளர் உரிமை கோரலாம் என்ற தீர்ப்புக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது வயதில் ஒரு தாய் தன் காதலை ஏன் மறைக்கிறாள் என்று எழுதப் புகும் தமிழ் நாவலாசிரியர், வில்லனைத் தேடுவதற்கு முன் இந்தத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும்.