மலையைச் சுமந்தவர்களின் படம்

 

வெள்ளி விழா மேடையில் திரைப்படத்தைப் பற்றிய பேச்சா எனச் சிலர் வியக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டது லெனின் பாரதி எழுதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018 ஆகஸ்டில் வெளிவந்த அவருடைய முதற்படம் அது. அதன் தேனி மாவட்டத்து மலைகள் நம் பழனிமலைக்குத் தென்மேற்கே அண்டை மலைகள்தாம்.

நட்சத்திர நடிகர்கள் அப்படத்தில் இல்லை. தயாரித்த விஜய் சேதுபதி புகழ்பெற்ற நடிகராயிருந்தும் தாம் முகம் காட்டவில்லை. முதன்மைப் பாத்திரத்தில் ஆண்டனி நடிக்க, மற்றவருள் பலர் அவ்வூர் மக்களே. இசையமைத்த இளையராஜா அதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ஆயினும் படத்தின் பெரும்பகுதியில் காற்றும் காலடியோசையுமே கேட்கின்றன. வணிகச் சந்தைக்கு வளையாமல் இப்படி ஒரு படம் எடுப்பது எளிதன்று.

கதை சிறிது. ஏலத்தோட்டத்திலிருந்து மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. அவன் நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறும் காட்சியில் யாரும் கதறுவதில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் சுமந்த நம் முதியவர்களுக்கு அந்த மௌனம் புரியும். பின்னர் நிலம் கைக்கு வருகிறது. விதையும் உரமும் கடனாக வருகின்றன. கடன் நிலத்தைக் கொண்டுபோகிறது. முடிவில் அவன், தன் நிலமாயிருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளி.

எனக்கு ஒரு குறை உண்டு. சாதியை இப்படம் முன்னிறுத்திப் பேசவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இருந்தன. பிற சாதியாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றுட் பல கைமாறிப் போயின. பத்திரத்தில் எழுதியிருப்பது இன்னதென்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தோர் எத்தனை பேர்! அக்கதையை எழுத வேண்டியவர் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கலாம். பத்தாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரையை நன்றாக எழுதும் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

இன்று மாலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இப்படம் திரையிடப்படுகிறது. மூட்டை சுமந்த பெரியவர்கள் முன்வரிசையில் அமருமாறு வேண்டுகிறேன்.