மனச்சிதைவின் தொடக்கத்தில் மூளை



பிள்ளைக்கு மனச்சிதைவு வந்தால் நம் ஊரில் பழி செய்வினை மேல் விழும். மேலை நாட்டில் பெற்றவள் மேல் விழுந்தது. தாயின் போக்கே பிள்ளையை நோயாளியாக்குகிறது என்ற கருத்துக்கு 1948-இல் ஃப்ரீடா ஃபிரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் ஒரு பெயரே சூட்டினார். எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தே செத்தார்களோ!

பிறகு பார்வை மூளைப் பக்கம் திரும்பியது. 1976-இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ குழுவினர் 17 மனச்சிதைவு நோயாளிகளுக்கு, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் அவர்களுக்குப் பெரிதாக இருந்தன. ஆனால் அவர்கள் பல ஆண்டு மருத்துவமனையில் கிடந்தவர்கள். மாத்திரையும் அடைபட்ட வாழ்க்கையும் செய்த வேலையாக இருக்கக் கூடாதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதனால்தான் நோய் தொடங்கும் காலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மெல்போர்னில் கிறிஸ்டோஸ் பான்டெலிஸ் குழு, நோய்வரும் அபாயம் மிகுந்த, ஆனால் இன்னும் வராத இளைஞர்களை முதலிலேயே படமெடுத்து வைத்துக் காத்திருந்தது. பின்னாளில் நோய் கண்டவர்களுக்கு, காணாதவர்களைவிட, வலப்பக்க நெற்றியிலும் பொட்டுப் பகுதியிலும் சாம்பல்நிறத் திசு முன்பே குறைவாக இருந்தது என்று 2003-இல் எழுதினார்கள். ஆக, எல்லாவற்றையும் மாத்திரை மேல் போட முடியாது. மாத்திரைக்கும் ஓரளவு பங்கிருக்கலாம் என்று அயோவாவிலிருந்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவது மடத்தனம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அமெரிக்காவிலிருந்து 1990-இல் வந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. எது யாருடையது என்று சொல்லாமல் இருவரின் எம்.ஆர்.ஐ. படங்களையும் அருகருகே வைத்தார்கள். திரவ அறைகளைக் கண்ணால் பார்த்தே 12 ஜோடிகளில் நோயாளியைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். அளந்து பார்த்தால், நினைவாற்றலுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ், இடப்பக்கத்தில் 14 நோயாளிகளுக்குத் தம் உடன்பிறப்பைவிடச் சிறியது. இருவருக்கும் மரபணு ஒன்றே. பழியை முழுக்க மரபணு மேலும் போட முடியவில்லை.

அப்படியானால் ஒரு ஸ்கேன் எடுத்தே நோயைத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மருத்துவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரட்டையரின் படம் கையில் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? 2013-இல் 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது மொத்த மூளை அளவில் கிடைத்த சராசரிக் குறைவு 2.6 சதவீதம்தான். நல்ல ஆரோக்கியமான இருவருக்கு நடுவிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். தனி ஒருவரின் படத்தை வைத்து ‘இது மனச்சிதைவு’ என்று யாராலும் எழுதித்தர முடியாது. மருத்துவர் ஸ்கேன் கேட்பது, கட்டியோ மூளை அழற்சியோ இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்ததும், பையனுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் மாதங்கள் வீணாகின்றன.

கல்லூரி போகும் பிள்ளை திடீரென்று ஒதுங்குகிறான், இல்லாத குரல் காதில் கேட்கிறது என்கிறான், தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்கிறான் என்றால், ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம், தமிழிலேயே.