நஞ்சைச் சுமக்கும் காவலன்



மனித உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகைக்குக் கொல்லி டி அணு என்று பெயர். தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் 'டி' என்னும் எழுத்து அதற்கு அமைந்தது. வைரஸ் புகுந்த உயிரணுவையும் புற்றாக மாறிய உயிரணுவையும் அழிப்பது இதன் தொழில். அதற்குரிய நஞ்சை அது தன்னுள்ளேயே சுமந்து திரிகிறது. சுமப்பவனை அந்நஞ்சு கொல்லாதது எங்ஙனம்? அருகிலுள்ள நல்ல உயிரணுக்கள் தப்புவது எங்ஙனம்?

முதலாவது, பகையை அறிதல். ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் உண்டாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எம்.எச்.சி. என்னும் மூலக்கூற்றில் ஏந்தி வெளியே காட்டுகிறது. துணுக்கையும் ஏந்தும் மூலக்கூற்றையும் சேர்த்தே கொல்லி அணு அறிகின்றது. இவ்வுண்மையைக் கான்பெரா நகரில் ஆய்ந்து 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டாவது, நஞ்சைக் கொண்டு சேர்த்தல். பெர்ஃபோரின், கிரான்சைம் என்னும் புரதங்கள் மெல்லிய சவ்வுப் பைகளில் அடங்கியுள்ளன. பையினுள் அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் பெர்ஃபோரின் அங்கே செயலற்றுக் கிடக்கிறது. பகை உறுதியானதும், அணுவினுள் இருக்கும் சென்ட்ரோசோம் என்னும் உறுப்பு, பகையணுவைத் தொட்டு நிற்கும் பக்கத்துக்கு நகர்கின்றது. அதனை நோக்கி அமைந்த நுண்குழல்களின் வழியே டைனீன் என்னும் புரதம் பைகளை இழுத்து வருகிறது. இரண்டு அணுக்களும் ஒட்டிய அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே பைகள் வாய் திறக்கின்றன. கால்சியத்தின் துணையால் பெர்ஃபோரின் பகையணுவின் சவ்வில் துளையிடுகிறது. கிரான்சைம் உட்புகுந்து, அவ்வணு தானே ஒடுங்கி மடியச் செய்கிறது. கொல்லி அணு விலகி, அடுத்த பகையைத் தேடிச் செல்கிறது.

இவ்வொழுங்கு தவறினால் விளைவு கொடிது. பெர்ஃபோரின் மரபணுவின் பழுது 1999-இலும், பை வாய் திறக்க உதவும் மங்க் 13-4 என்னும் புரதத்தின் பழுது 2003-இலும் ஒரு குழந்தை நோய்க்குக் காரணமென அறியப்பட்டன. கொல்ல இயலாத அணு ஓய்வதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை மேலும் மேலும் சொரிகிறது. விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்த அணுக்களின் குறைவு ஆகியன தோன்றும். மருத்துவம் பெறாவிடில் பெரும்பாலும் உயிர் தங்காது. மருந்தால் அழற்சியைத் தணித்து, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தே குழந்தையைக் காக்கின்றனர்.

தாய், தந்தை இருவரும் நலமாயிருந்தும் பழுதுற்ற மரபணுவைத் தாங்கியிருக்கலாம். அவ்வாறாயின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இந்நோய்க்கு உண்டு. நெருங்கிய உறவில் மணப்போரிடையே அவ்வாய்ப்புக் கூடுகிறது. ஆதலால் காரணம் விளங்காத நெடுங்காய்ச்சலால் குழந்தையை இழந்த குடும்பத்தார், அச்செய்தியை மறைக்காது மருத்துவரிடம் உரைத்து, மரபணு ஆலோசனை பெறுதல் வேண்டும். அடுத்து வரும் குழந்தையின் உயிர் அந்த ஒரு சொல்லால் காக்கப்படலாம்.