பாசறைப் படுக்கை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்குத் திறந்த வெளியில் உறங்குவது புதிய செயலன்று. கரைவலைத் தொழிலாளர் மணலிலே பாயை விரித்துப் படுப்பர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் இரவைக் கழிப்பர். ஒரு பாயும் ஒரு சாரமும் அவர்களுக்குப் போதும். ஆயின், இன்று பாசறைக்குப் புறப்படும் சாரணரும் மாணவரும் ‘ஸ்லீப்பிங் பேக்’ எனப்படும் உறக்கப்பையை நாடுகின்றனர். 2024ஆம் ஆண்டில் தேசியச் சாரணர் ஜம்போரி திருகோணமலையிலேயே நடைபெற்றதை நேயர்கள் அறிவர். அத்தகைய பையைப் பணங்கொடுத்து வாங்குமுன் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டியவை சில உள.

முதலாவது, உறக்கப்பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல் வெளியிடும் வெப்பத்தைத் தன் இழைகளுக்கிடையே அடைபட்டுள்ள காற்றினாற் காத்து வைப்பதே அதன் தொழில். ஆகவே, ‘எது சிறந்த பை?’ என்று கேட்பதிற் பயனில்லை. ‘நான் படுக்கப்போகும் இடத்தில், விடியுமுன் வரும் மிகக் குளிர்ந்த நாழிகையில், குளிர் எவ்வளவு?’ என்று கேட்பதே முறை.

நம் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக 24 முதல் 26 பாகை செல்சியசு வரையிலேயே நிற்கும். ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வீசும்போது பகல் வெம்மை இரவிலும் தணிவதில்லை. இங்கே தடித்த பைக்குள் புகுந்து படுப்பவன் வியர்வையில் நனைந்து, உறக்கமுங் கெட்டுச் சோர்வான். மூன்று பக்கமுந் தைத்த பருத்தித் துணியுறை ஒன்றும், பன்பாயும், நுளம்பு வலையுமே இவ்விடத்துக்கு ஏற்ற படுக்கை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்றளித்தது; எனினும், டெங்கு நம்மை விட்டு அகலவில்லை. டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலிற் கடிப்பதால், பகலில் இளைப்பாறும்போதும் வலை வேண்டும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையும் மழையும் வரும். அக்காலத்தில் எதிரி குளிரன்று, ஈரமே. மேட்டு நிலத்திற் கூடாரமடித்துத் தரையிற் படங்கு விரித்தல் வேண்டும். படங்கின் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டி நின்றால், மழைநீரை வாங்கிப் படுக்கைக்கடியிற் கொண்டுவந்து சேர்த்துவிடும். விளிம்பை உள்ளே மடித்துவிடுதல் நன்று.

இனி, அதே பிள்ளைகள் மலைநாட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலும் உள்ளன. தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின்மீது உறைபனி படிந்திருக்கும். காலையிற் கடலிற் குளித்தவன் மறுநாட் காலையில் உறைபனியைக் காணலாம். கரையோரத்துத் துணியுறை அங்கே உதவாது.

தரமுள்ள பைகளில் வெப்பநிலை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2002ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வகுத்த இவ்வளவை முறை, 2016 முதல் உலகப் பொதுத் தரமாயிற்று. அதில் இதமாக உறங்கக்கூடிய நிலை ஒன்று. உடலைக் குறுக்கிச் சமாளிக்கக்கூடிய எல்லை ஒன்று. உயிர் தப்பலாம் என்னும் கடுநிலை ஒன்று. விளம்பரத்திற் பெரிதாகக் காட்டப்படுவது சில வேளை கடைசி எண்ணே. அதை நம்பி வாங்குதல் ஆபத்து. முதல் எண்ணைப் பார்த்தே வாங்குக. ஹோட்டன் சமவெளிக்கு அவ்வெண் சுழியம் பாகையை ஒட்டியிருத்தல் தக்கது.

பையின் உள்ளீடு இருவகை. வாத்தின் மென்தூவி இலேசானது, சிறிதாகச் சுருங்குவது. ஆனால் நனைந்தாற் படிந்து பயனற்றதாகும், எளிதில் உலராது. செயற்கை இழை சற்றுப் பாரமாயினும், ஈரத்திலும் ஓரளவு வெப்பங் காக்கும், விலையுங் குறைவு. மழையும் மூடுபனியும் மிகுந்த நம் மலைகளுக்குச் செயற்கை இழையே பொருத்தம். எப்பையாயினும், உடலின் பாரத்தால் அடிப்பக்கம் நசுங்கிவிடும். அங்கே காற்றுமில்லை, காப்புமில்லை. ஆகையாற் கீழே தடித்த நுரைப்பாய் இன்றியமையாதது. பைக்குப் பெரும்பணஞ் செலவிட்டு வெறுந்தரையிற் படுப்பவனிலும், எளிய பையோடு நல்ல பாயில் உறங்குபவன் இதமாக இருப்பான்.

ஆசிரியரும் சாரணத் தலைவரும் இதனை விளையாட்டாக எண்ணலாகாது. நனைந்த உடையோடு குளிரிற் படுத்த பிள்ளைக்கு முதலில் நடுக்கங் காணும். பின் பேச்சுக் குழறும், கால் தடுமாறும். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றால், அது தேறுதலன்று, பேராபத்தின் அறிகுறி. உடனே ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியாற் போர்த்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். முன்னெச்சரிக்கையோ எளிது: படுக்குமுன் வயிறார உண்பதும், உலர்ந்த உடைக்கு மாறுவதும், மூக்கையும் வாயையும் பைக்கு வெளியே வைத்து மூச்சு விடுவதுமே.

விடிந்ததும் பையைப் பிரித்து உலர்த்துக. வீட்டில் அதை இறுக்கிக் கட்டி வையாது, தளர்த்தித் தொங்கவிடுக. நசுங்கிய இழை மீண்டும் உப்பாது. பாயையும் சாரத்தையும் கொண்டு நம் முன்னோர் கரையோரத்தில் நன்றாகவே உறங்கினர். அவர்கள் தாம் படுத்த நிலத்தையும் காற்றையும் அறிந்திருந்தனர். புதிய பொருளை வாங்கும் நாமும் அவ்வறிவோடு வாங்குவோமாயின், எந்த நிலத்திலும் நம் பிள்ளைகள் நலமாகத் துயின்று எழுவர்.