முன்பல்லுக்குப் பூச்சா, பீங்கானா?

சீப்புச் சீடை கடித்து என் முன்பல் ஓரம் உடைந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தையில் மகள் கல்யாணம். நாலு பல்லுக்கும் வெனீர் போட்டுவிடலாம் என்று போனேன்.

1928-ல் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் தொடங்கி வைத்தது இது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்களாம்!

இப்போது முக்கியமாக இரண்டு வகை. காம்போசிட் என்பது பல் நிறப் பசை. ஒரே நாளில் பூசி, நீல ஒளியில் இறுக்கிவிடுவார்கள். செலவு குறைவு, உடைந்தால் ஒட்டுப் போடலாம். ஆனால் காபி, வெற்றிலைக் கறை ஏறும். ஐந்தாறு வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். போர்சலின், லேபில் செய்து ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. நம் பெரிய வீட்டுச் சுவர்களில் பதித்த ஜப்பான் ஓடு மாதிரி பளபளப்பு மங்காது; பத்து, பதினைந்து வருஷம் வரும். ஆனால் அதற்கு எனாமலை அரை மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். எனாமல் திரும்ப வளராது.

அங்கேதான் வங்கிக்காரன் புத்தி முழித்துக்கொண்டது. வட்டியை எடுக்கலாம், முதலில் கை வைப்பதா? நல்ல பல் மூன்றையும் விட்டுவிட்டு, உடைந்ததற்கு மட்டும் காம்போசிட் வைத்துக்கொண்டேன்.

ஈறு வீக்கமோ, தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கமோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். என் பல்லில் எது ஒட்டியது என்று ஆச்சிக்கே இன்னும் தெரியவில்லை.